இருதயம் எழுதும் கடிதம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். ஆனால் விலாக்கூட்டுக்குள் மறைந்திருக்கும் இருதயமும், முதுகுப்புறம் ஒளிந்திருக்கும் சிறுநீரகங்களும் படுகிற பாடு முகத்தில் எளிதில் தெரிவதில்லை. தெரிகிற வேளையில் நோய் பாதி வழி வந்திருக்கும். அப்படியானால் முன்கூட்டியே அறிவது எங்ஙனம்? ஒரு சிறு குப்பி இரத்தத்தில் அறியலாம் என்கிறது மருத்துவ இயல். அவ்வாறு அறிந்ததைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வகுப்பு இந்த ஆண்டு கற்றுக்கொண்டது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் விடுதிச் சமையற்கட்டில் நெடுநாளாகக் களியும் சாமைச் சோறும் ஆக்கிப் போடும் பெரியம்மாவை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலரும் அறிவீர்கள். வயது ஐம்பத்தெட்டு. கிணற்றடியிலிருந்து சமையற்கட்டுக்கு ஏறும் படிகளை ஒரே மூச்சில் ஏறி வந்தவர், சென்ற ஆடி மாதத்தில் மூன்று இடங்களில் நின்று நின்று ஏறினார். மாலையானால் கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சிஸ்டர் அவரை மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த மறுநாள், மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எங்களிடம் நீட்டினார் பெரியம்மா.

"நீங்கதான் படிச்ச புள்ளைங்களாச்சே கண்ணு. இதுல இன்னா போட்டிருக்குது, கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

காகிதத்தில் ‘என்.டி. புரோ பி.என்.பி.’ என்று ஒரு வரி. அதற்கு எதிரே 1,840 என்ற எண். அதன் பக்கத்தில், இருக்க வேண்டிய அளவு 125க்குள் என்று அச்சிடப்பட்டிருந்தது. எங்களுக்கு வகுத்தல் கணக்கு தெரியும் அல்லவா? "ஏறக்குறைய பதினைந்து மடங்கு!" என்று எங்களில் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மிக்கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று மறுநாள் தெரிந்தது.

செய்தி சிஸ்டர் காதுக்கு எட்டியது. அவர்கள் கோபிக்கவில்லை. "அந்த எண் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல்தானே சொன்னீர்கள்? தெரிந்துகொண்டு அவரிடம் போய் மறுபடி சொல்லுங்கள்" என்றார்கள். உயிரியல் புத்தகங்களைப் புரட்டியும், மருத்துவரிடம் சிஸ்டர் கேட்டு வந்து விளக்கியதை எழுதிக்கொண்டும் நாங்கள் அறிந்தவை இவை.

முதலில் இருதயத்தின் வேலை. நம் இருதயம் ஒன்றல்ல, அடுத்தடுத்து ஒட்டிய இரண்டு இறைப்பிகள் எனலாம். இடப்புறம் உடல் முழுமைக்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. கையில் பட்டை சுற்றி அளக்கும்போது 120 என்று வருகிறதே, அது இடப்புறத்தின் பலம். வலப்புறமோ பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும். அங்கே அழுத்தம் மிகக் குறைவு. சராசரியாகப் பாதரசம் 14 மில்லி மீட்டர் அளவுதான். ஆகவே இறைவன் வலப்பக்கச் சுவரை மெல்லியதாகப் படைத்திருக்கிறார். மெல்லிய சுவருக்கு மெல்லிய வேலை!

ஏதோ காரணத்தால் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் கூடிவிட்டால் அந்த மெல்லிய சுவர் திணறுகிறது. முதலில் தடிக்கிறது, பிறகு விரிகிறது, முடிவில் தளர்கிறது. இதையே நுரையீரல் இரத்த மிகை அழுத்தம் என்கிறார்கள். கையில் பட்டை சுற்றி அளக்கும் இரத்தக் கொதிப்பு வேறு, இது வேறு. கையில் அளப்பது சரியாக இருந்தாலும் நுரையீரலில் அழுத்தம் மிகுந்திருக்கலாம்.

காரணங்கள் பல. இடப்புற இருதயம் விறைத்துப் போய், இரத்தம் நுரையீரலில் தேங்குவதே மிகச் சாதாரணமான காரணம். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து, கவனியாமல் விட்டதால் இருதய வால்வு குறுகிப் போவது நம் நாட்டில் இன்னமும் உள்ள காரணம். நெடுநாள் நுரையீரல் நோய், உறைந்த இரத்தக் கட்டிகள், பிறவிக் கோளாறுகள் ஆகியவையும் உண்டு. விறகடுப்புப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் பெண்களுக்கு நுரையீரல் கெட்டு, அதன் வழியே இதுவும் வருகிறது. மலைக் குடிசைகளில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே மாணவியர் அறிய வேண்டிய ஒரு செய்தி. 1960களில் ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் உடல் மெலிவதற்கென்று அமினோரெக்ஸ் என்னும் மாத்திரை விற்கப்பட்டது. வாங்கி விழுங்கியவர்களில் பலருக்கு இந்நோய் வந்தது, சிலர் இறந்தனர். மாத்திரை கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அதன் விளைவாகவே 1973ஆம் ஆண்டு ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி இந்நோய்க்கு இலக்கணம் வகுத்தது. சராசரி அழுத்தம் 25ஐத் தொட்டால் நோய் என்பது நெடுங்காலம் இருந்த கணக்கு. 2018இல் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் கூடியவர்கள், 20க்கு மேற்பட்டாலே கவனிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மெலிந்த இடைக்கு ஆசைப்பட்டவர்கள் கொடுத்த விலையில் பிறந்த இலக்கணம் இது!

இந்த அழுத்தத்தை நேரே அளப்பதற்குக் கை அல்லது தொடை அல்லது கழுத்துச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இருதயத்திற்குள் செலுத்த வேண்டும். 1929ஆம் ஆண்டு வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தம் கைச் சிரையிலேயே குழாயைச் செருகிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக் காட்டினார். அன்று பலர் அவரைக் கடிந்தனர். 1956இல் நோபல் பரிசு வந்தது. இன்றும் உறுதியான அளவு இதுவே. ஆனால் ஒவ்வொரு மாதமும் இருதயத்திற்குள் குழாய் விட முடியுமா? ஒலி அலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனை உண்டு. அதற்கும் கருவியும் தேர்ந்தவரும் வேண்டும். ஒரு குப்பி இரத்தம் எடுப்பது எல்லாவற்றிலும் எளிது. அதனால்தான் இரத்தத்தில் உள்ள அடையாளப் பொருள்களை மருத்துவர்கள் தேடினார்கள்.

காணாததைக் கண்டதிலிருந்து அறிவது நம் ஜவ்வாது மலைக்குப் புதிதல்ல. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் காட்சியைக் காவலூர் விண்ணோக்கு நிலையத்தில் பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சற்று மங்கியது. வானூர்தியிலிருந்து கவனித்த அமெரிக்க அறிஞர்களும் அதே மங்கலைக் கண்டனர். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அப்படித்தான். வளையத்தை அன்று எவரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒளி மங்கியதைத்தான் பார்த்தார்கள். இரத்தப் பரிசோதனையும் இப்படிப்பட்டதே. ஆனால் ஒளி மங்கியதற்கு மேகம் காரணமா, வளையம் காரணமா என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். நாங்கள் தவறியது அந்த இடத்தில்தான்.

நிற்க. பெரியம்மாவின் காகிதத்தில் இருந்த அந்த நீண்ட பெயர் என்ன?

1981ஆம் ஆண்டு கானடா நாட்டில் டி போல்ட் என்ற அறிஞர் எலிகளின் இருதய மேலறைகளை அரைத்துச் சாறெடுத்து, வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அந்த எலிகள் உப்பையும் நீரையும் சிறுநீராக மிகுதியாக வெளியேற்றின. இருதயம் வெறும் இறைப்பி அன்று, அது ஒரு சுரப்பியும் ஆகும் என்று அன்று தெரிந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1988இல், ஜப்பானிய அறிஞர்கள் பன்றியின் மூளையில் இதே குணமுள்ள இன்னொரு பொருளைக் கண்டு, அதற்கு மூளையின் பெயரையே சூட்டினர். ‘பி’ என்ற எழுத்து மூளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பிறகு பார்த்தால் அதை மிகுதியாகச் சுரப்பது இருதயத்தின் கீழறைகள்! பெயர் மட்டும் மாறவில்லை. பிள்ளை ஒரு வீட்டிலும் பெயர் வேறு வீட்டிலும் இருப்பது போல.

இருதய அறையின் சுவர் இழுபட்டு விரியும்போது அதன் தசைகள் 108 மணிகள் கோத்த ஒரு புரதச் சரத்தைச் செய்கின்றன. நூற்றெட்டு மணி என்றவுடன் சிலருக்கு வேறு மாலை நினைவுக்கு வரலாம்; இவை அமினோ அமிலங்கள். அந்தச் சரம் இரண்டாக வெட்டுப்படுகிறது. 32 மணிகள் உள்ள துண்டு வேலை செய்யும் துண்டு. அது சிறுநீரகத்திற்குப் போய், "எனக்குப் பாரம் தாங்கவில்லை, உப்பையும் நீரையும் வெளியே தள்ளு" என்று சொல்கிறது. அதாவது, இருதயம் சிறுநீரகத்திற்கு எழுதும் கடிதம் இது. எஞ்சிய 76 மணிகள் உள்ள துண்டுக்கு வேலை ஒன்றுமில்லை. கடிதத்தை எடுத்தபின் மிஞ்சும் உறை அது. அந்த உறைக்குத்தான் என்.டி. புரோ பி.என்.பி. என்று பெயர்.

வேலை செய்யும் துண்டு இரத்தத்தில் ஏறக்குறைய 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உறையோ ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். எனவே உறையை எண்ணுவது எளிது. எண்ணுவது என்றால் சாதாரண எண்ணிக்கையா? ஒரு மில்லி லிட்டரில் எத்தனை பிக்கோகிராம் என்பது கணக்கு. ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு பிக்கோகிராம். அவ்வளவு நுண்ணிய பொருளை ஒரு கருவி அளந்து காகிதத்தில் அடித்துக் கொடுக்கிறது என்பதே வியப்பு!

இருதயம் எவ்வளவு திணறுகிறதோ அவ்வளவு கடிதங்கள், அவ்வளவு உறைகள். நுரையீரல் தமனி அழுத்த நோயாளிகளுக்கு ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், இந்த அளவு 300க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 1,100க்கு மேல் என்றால் ஆபத்து அதிகம் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆபத்து குறைவு என்பதற்கு, அடுத்த ஓராண்டில் இறக்கக்கூடியவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்று பொருள். அதிகம் என்றால் இருபது பேருக்கும் மேல். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்றும் பார்க்கிறார்கள். 440 மீட்டருக்கு மேல் நடந்தால் நல்லது. 165க்குள் நின்றுவிட்டால் கவலை. பரிசோதனைச் சாலையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், ஒரு நீளமான தாழ்வாரம் போதும் என்பதால் எங்களுக்கு இந்தச் சோதனையின்மேல் தனிப் பிரியம்.

பெரியம்மாவுக்கு 1,840. அப்படியானால் அவர் அதிக ஆபத்துள்ளவரா? நாங்கள் அவசரப்பட்டது இங்கேதான். மேலே சொன்ன எல்லைகள் தமனிகளே நோயுற்ற ஒருவகை நோயாளிகளைக் கண்டு வகுத்தவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதே கோலை அப்படியே வைத்து அளக்கக் கூடாது. ஏன்?

கிழித்துப் போட்ட உறைகளைக் கூட்டி வெளியே கொட்டுவது யார்? பெரும்பங்கு சிறுநீரகங்களே. அவை தளர்ந்தால் உறைகள் வெளியேறாமல் இரத்தத்தில் சேர்கின்றன. இருதயம் பத்துக் கடிதம் எழுதியிருக்க, இருபது உறைகள் கிடக்கும். ஆகவே எண் பெரிதாக இருப்பதில் ஒரு பங்கு இருதயத்தின் குறை, ஒரு பங்கு சிறுநீரகத்தின் குறை. வயது கூடினாலும் எண் கூடும். உடல் பருத்தவர்களுக்கோ எதிர்பார்ப்பதைவிடக் குறைந்து காட்டும். மேலும், வலப்புறம் எழுதிய கடிதமா, இடப்புறம் எழுதிய கடிதமா என்று உறையின்மேல் முகவரி இல்லை! அதை எக்கோவில்தான் பார்க்க வேண்டும்.

‘அப்படியானால் சிறுநீரக நோயாளிக்கு இந்தப் பரிசோதனை வீண்தானே?’ என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். வீண் அன்று. சிறுநீரகம் பழுதானவர்களிலும் இந்த எண் மிகவும் உயர்ந்தவர்களே அதிகம் துன்புறுகிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எல்லைக்கோடுதான் இடம் மாறுகிறது. ஆகவே அச்சடித்த அளவோடு ஒப்பிடுவதைவிட, அதே மனிதரின் பழைய எண்ணோடு ஒப்பிடுவதே மேல்.

சிறுநீரகத்தின் நிலையை அறிய வேறு அடையாளங்கள் உண்டு. அவற்றுள் பழையது கிரியாட்டினின். தசைகள் வேலை செய்வதில் உண்டாகும் கழிவு இது. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும். ஆனால் இதிலும் ஒரு சூது உண்டு. தசை குறைந்தவர்களுக்குக் கழிவும் குறைவு. 25 வயது ஆண் ஒருவருக்கும் 75 வயது மூதாட்டி ஒருவருக்கும் கிரியாட்டினின் ஒரே அளவாக 1.2 என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தில் போட்டால் இளைஞரின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 86. மூதாட்டிக்கோ 47 தான். 60க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்கிறார்கள். மெலிந்த கிழவிகளின் காகிதத்தில் எண் நல்லதுபோல் இருந்து ஏமாற்றுவது இப்படித்தான். சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு புரதம் தசையை நம்பியிருப்பதில்லை. ஐயம் வந்தால் அதையும் பார்ப்பார்கள். சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுகிறதா என்ற சோதனையும் சேர வேண்டும். பெரியம்மாவுக்குக் கிரியாட்டினின் 1.6, வடிகட்டும் திறன் 37. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பல ஆண்டுகள் அவருக்குத் தெரியாமலே இருந்து இருதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருசேரக் கெடுத்தன என்றார் மருத்துவர். நாற்பது ஆண்டு விறகடுப்பின் பங்கும் உண்டாம்.

இருதயமும் சிறுநீரகமும் ஒன்றையொன்று கெடுக்கும் விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. இருதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. ஒரு நாளில் அவை வடிகட்டும் நீர் 180 லிட்டர்! அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. இருதயம் தளர்ந்தால் வரும் இரத்தம் குறைகிறது என்பது எவருக்கும் புரியும். இன்னொரு வழியும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து திரும்பும் சிரைகள் வலப்புற இருதயத்தில்தான் போய்ச் சேருகின்றன. வலப்புறம் அடைபட்டால் சிரைகளில் இரத்தம் தேங்குகிறது. ஏரியின் கலங்கல் அடைபட்டால் தண்ணீர் பின்னால் ஏறி, மேலே உள்ள கழனியை மூழ்கடிக்கிறதே, அதைப் போல. மூழ்கிய சிறுநீரகம் வடிகட்ட இயலாமல் திணறும். ஈரலிலும் தேங்குவதால் பிலிருபின் ஏறலாம். இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், யூரிக் அமிலம் ஏறினாலும் இந்நோயில் அவை நல்ல அறிகுறிகள் அல்ல. ஒரே காகிதத்தில் இருக்கும் வரிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன; நாங்கள் ஒரு வரியை மட்டும் உரக்கப் படித்தோம்.

மறுதிசையிலும் கேடு உண்டு. சிறுநீரகம் செயலற்றுப் போனால் நீர் தேங்குகிறது, இரத்தச் சோகை வருகிறது, இருதயம் தடிக்கிறது. டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். 1966இல் அமெரிக்காவில் வெளியான இந்த முறை எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. எனினும் அந்த இணைப்பில் இரத்தம் அளவுக்கு மிஞ்சி ஓடினால் நுரையீரலில் அழுத்தம் ஏறக்கூடும். மருந்தே சில நேரம் பாரம் ஆகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் பலருக்கு அந்த அழுத்தம் இறங்குகிறது. இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971ஆம் ஆண்டு, நம் மலைக்கு வடகிழக்கே உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது அது.

மறைக்கல்வி வகுப்பில் மதர் சொன்ன செய்தி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. விவிலியத்தின் எபிரேய மூலத்தில், இறைவன் மனிதரின் உள்ளத்தை ஆராய்வதைச் சொல்லும் இடங்களில் இருதயமும் சிறுநீரகமும் சேர்ந்தே வருகின்றனவாம். மொழிபெயர்த்தவர்கள் சிறுநீரகத்தை விட்டுவிட்டு, மனம் என்றும் உள்ளம் என்றும் எழுதிவிட்டார்கள். இருதயத்தை மட்டும் பாராமல் இரண்டையும் பார்ப்பதே சரி என்று அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள் என நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டோம்.

மலைவாழ் மக்கள் என்றதும் சொல்லாமல் விடக்கூடாத இன்னொரு நோய் அரிவாள் அணுச் சோகை. 1952ஆம் ஆண்டு லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் மாநிலத்து நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் இதன் மரபணுவைக் கண்டறிந்தனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் கதிர் அறுக்கும் அரிவாள் போல் வளைந்து உடைகின்றன. உடைந்த அணுவிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன, நுரையீரல் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகமும் சிறு வயதிலேயே கெடத் தொடங்குகிறது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இந்நோயாளிகளுக்கு நாம் பேசிய அந்த உறை 160ஐத் தொட்டாலே கவலைக்குரியது என்று தெரிந்தது. பெரியம்மாவுக்கு 1,840, அவர்களுக்கு 160! ஒரே பொருள்தான், ஆளுக்கு ஆள் பொருள் வேறு. 2023 ஜூலை 1ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 2047க்குள் இந்நோயை ஒழிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டு, நாற்பது வயது வரை உள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. சோதனை முகாம் வரும்போது, ஊசிக்குப் பயந்து காட்டுக்குள் ஓடும் தம்பி தங்கைகளைப் பிடித்து வருவது அக்காமார்களாகிய நம் வேலை.

முன்கணிப்பு என்றதும் சாதகம் பார்ப்பது போல் சிலர் எண்ணுகிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். சாதகம் ஒரு ஆளைப் பற்றிச் சொல்வதாகக் கூறுகிறது. இதுவோ இதே நிலையில் உள்ள நூறு பேரைப் பற்றிச் சொல்கிறது. அந்த நூறில் நம் பெரியம்மா யார் என்று சொல்ல இதற்குத் தெரியாது. பின் எதற்கு? யாரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும், யாரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்த்தால் போதும், மருந்தைக் கூட்டலாமா என்று முடிவெடுக்க உதவுகிறது. மலையிலிருந்து பேருந்து பிடித்து இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து போகிறவர்களுக்கு இது சிறிய காரியமா?

பெரியம்மாவுக்குத் தந்தவை எவை என்று தாய்மார்கள் கேட்பார்கள். சிறுநீர் போக ஒரு மாத்திரை, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாயும் கருவாடும் கூடாது. மூட்டு வலிக்குக் கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரை சிறுநீரகத்திற்குப் பகை என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டிலும் விறகைவிட்டு எரிவாயு அடுப்புக்கு மாற வேண்டும். கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நீர்ப் பைகள் கொடுப்பதும் அத்திட்டத்தில் சேர்ந்ததே.

இவற்றையெல்லாம் ஒரு வாரம் படித்த பின், பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தோம். கடிதம், உறை, குப்பைக் கூடை என்று சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்போ பதினஞ்சு மடங்குன்னு சொன்னீங்களே, அது?" என்றார். "கூட்டிக் கொட்ட ஆள் இல்லாத வீட்டில் குப்பை எவ்வளவு கிடக்கும் பெரியம்மா? அத்தனையும் இன்றைக்கு விழுந்த குப்பையா?" என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "இப்படி மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு வேளை சோறாச்சும் துன்னிருப்பேன்" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். நோய் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எண்ணில் எவ்வளவு இருதயம், எவ்வளவு சிறுநீரகம் என்று அடுத்த பரிசோதனையோடு ஒப்பிட்டால்தான் தெரியும் என்று மருத்துவர் சொன்னதையே சொன்னோம்.

அந்த அடுத்த பரிசோதனை தை மாதம் நடந்தது. இம்முறை மருத்துவரே பக்கத்தில் அமர்த்தி விளக்கினாராம். என்.டி. புரோ பி.என்.பி. 1,240. கிரியாட்டினின் 1.7. இதைக் கண்டதும் எங்களுக்கு ஒரு கணக்கு தோன்றியது. சிறுநீரகம் முன்பைவிடச் சிறிது தளர்ந்திருக்கிறது. எனவே உறைகள் கூடுதலாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆயினும் குறைந்திருக்கின்றன. அப்படியானால் இருதயம் எழுதும் கடிதங்களே குறைந்துவிட்டன அல்லவா? சிஸ்டரிடம் சொன்னோம், மருத்துவரும் அவ்வாறே சொன்னதாகப் புன்னகைத்தார்கள். கிரியாட்டினின் சற்று ஏறியதற்குச் சிறுநீர் மாத்திரை காரணமாயிருக்கலாம், பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டது. கிணற்றடிப் படியில் இப்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறார். குடத்தை மட்டும் நாங்கள் தூக்குகிறோம்.

சித்திரையில் மறுபடி போக வேண்டும். சென்ற முறை போன சீட்டு ஒன்று அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. தேடியெடுத்து, எல்லாச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி, மழையில் நனையாதபடி ஒரு நெகிழி உறையில் போட்டு அவருடைய மஞ்சள் பையில் வைத்திருக்கிறோம்.